இலை மடிச்சாச்சு, கொக்கே!

என்ன, எல்லாரும் கால நீட்டிச் சாஞ்சுட்டீங்க? கதைன்னா தாலாட்டுன்னு எவன் சொன்னான்? அந்த மூலையில வேர்க்கடலை உரிக்கிற அண்ணாச்சி, தொலிய முன்னாடி இருக்கிறவங்க தலையில போடாதீங்க, பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். போன கதையில அரக்கன் வந்ததும் செருப்பைக்கூட விட்டுட்டு ஓடினது யாருன்னு இப்ப சொல்லட்டுமா? வேண்டாமா? சரி, சொல்லல. ஆனா 'வேண்டாம்'னு ஒரு வார்த்தை சொன்னீங்க பாருங்க, அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க. இன்னைக்குக் கதையே அதுக்குள்ளதான் கிடக்கு.

நிலாவுல இன்னும் கறை விழாத காலம். மீனுக்கு நீச்சல் கத்துக் கொடுக்க ஆள் வச்சிருந்த காலம். அவ்வளவு முன்னாடி, கதலிபுரம்னு ஒரு ராஜ்யம். தெருவுக்குத் தெரு வாழை, வீட்டுக்கு வீடு வாழை. அரண்மனைக் கொடியிலகூட வாழைப்பூதான்.

அந்த ஊருக்கு ஒரு பழக்கம். 'சாப்பிட வாங்க'ன்னு கூப்பிட்டா உடனே வரக்கூடாது, மானக்கேடு. முதல் தடவை, 'வேண்டாங்க, இப்பத்தான் சாப்பிட்டேன்.' ரெண்டாம் தடவை, 'ஐயையோ, வயித்துல இடமே இல்லீங்க.' மூணாம் தடவை, 'உங்க மனசு நோகக் கூடாதேன்னு வர்றேன்.' வந்து உக்காந்தான்னா நாலு ஆள் சோத்தைத் தின்னுட்டுத்தான் எந்திரிப்பான்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி மத்தியானம் ஊர்ப்பந்தி. அந்தப் பந்திய விசாரிக்கிறவ சிட்டம்மா. வயசு இருபத்திமூணு. கரண்டி பிடிச்சா கை நடுங்காது, வாயத் திறந்தா எதிராளி நடுங்குவான். பந்தியில மூணு 'போதும்' இருக்குன்னு அவளுக்குத் தெரியும். வாயால 'போதும்'னா இன்னும் ஒரு கரண்டி. கையால இலைய மறைச்சா, குனிஞ்சு கேட்டுட்டு அரைக்கரண்டி. இலைய மடிச்சுட்டானா, தீர்ந்தது. மடிச்ச இலையில ராஜாவே வந்தாலும் ஊத்தக்கூடாது. ஊத்தினவன் கையில ஊர் அப்புறம் கரண்டியே கொடுக்காது.

அவளுக்கு ஒரு அண்ணன், வீரணன். அவன் பறை அடிச்சாத்தான் பந்தி ஆரம்பிக்கும். அப்பா அம்மா போனதுக்கப்புறம் அவன்தான் அவள வளர்த்தான். வளர்த்தான்னா, தினம் சண்டை போட்டே வளர்த்தான். 'ஏ கழுதை, ரசத்துல உப்பு இல்ல.' 'உன் பறையில தாளம் இல்ல, அதுக்கு நான் அழுதேனா?' இப்படித்தான் அந்த வீட்டுல விடியும். அவளுக்கு இருந்த ஒரே சொந்தம் அவன், ஒரே சண்டைக்காரனும் அவன்.

இப்ப ராஜா. பேரு கோடையிடி வர்மன். ஒருநாள் மலையேறிப் போயி ஊமத்தைச் சித்தர்கிட்ட கேட்டாரு. "சாமி, என் ஜனங்க கேக்குறதையெல்லாம் கொடுக்கிற ஒரு மாயப்பொருள் செஞ்சு தாங்க."

சித்தர் காதைப் பொத்திக்கிட்டாரு. அவருக்குச் சத்தம்னா ஆகாது. "மெதுவாப் பேசு. கேக்குறதக் கொடுத்தா ஊர் தாங்காதுப்பா. பக்கத்து ராஜ்யத்துல ஒருத்தன் மழை கேட்டான், ஒருத்தன் வெயில் கேட்டான். ரெண்டையும் கொடுத்தேன். இப்ப அவங்க சிம்மாசனத்துலகூட காளான் முளைச்சுக் கிடக்கு."

"அப்ப என்ன செய்யலாம்?"

"வேற ஒண்ணு செஞ்சு தர்றேன். மனுசன் கோவம் அடங்கி, எல்லாம் தெரிஞ்சு, நல்லாப் பழுத்தப்புறம் எதக் கேப்பானோ, அதை இன்னைக்கே கொடுக்கும்."

ஊர்ப் பழைய அண்டா, குத்துவிளக்கு, குடம் எல்லாத்தையும் உருக்கி ஒரு வெங்கலக் கொக்கு வார்த்தாரு. ஆள் உயரம், பச்சைக் கண்ணு, அகப்பை மாதிரி அலகு. அதுக்கு உயிர் கொடுக்கப் பந்திக்குத்தான் கொண்டுவந்தாரு. நடுப்பந்தியில நின்னு கொக்கு சத்தியம் செஞ்சது. "பந்தியில நிக்கிறேன். பந்தி முறைய மீற மாட்டேன்."

கொக்கு தலையத் திருப்பித் திருப்பி வேடிக்கை பார்த்தது. ஒவ்வொருத்தனும் வேண்டாம்ங்கிறான், அடுத்த நிமிசம் அள்ளி அள்ளித் திங்கிறான்.

"இதுக்கு என்ன அர்த்தம்?"ன்னு கேட்டது.

சிட்டம்மா சாம்பார் வாளியக் கீழ வச்சுட்டு வாயத் திறந்தா. அதுக்குள்ள மூணாவது வரிசையில இருந்து ஒரு வாயாடி எந்திரிச்சுக் கத்தினான். "எங்க ஊர்ல வேண்டாம்னா வேணும்னு அர்த்தம் கொக்கே! கேட்டுக்கிட்டு நிக்காத, ஊத்து!"

பந்தியே சிரிச்சது. அப்பளம் நொறுங்கச் சிரிச்சது. கொக்கு மட்டும் சிரிக்கல. 'டக்'குனு அலக மூடிக்கிச்சு.

ஆரம்பத்துல நல்லாத்தான் போச்சு. கள்ளு மொக்கையன் தினம் காலையில 'என்னை யாராவது நிறுத்துங்களேன்'னு அழுவான். கொக்கு அவன் பானையத் தட்டிச்சு, கள்ளு நீர்மோரா மாறிடுச்சு. ஊர் கைதட்டுச்சு. பொன்னாச்சி, சீக்குன்னு தெரியாம, சாகப்போற கன்னுக்குட்டிய வாங்க இருந்தா, கொக்கு கயித்த அறுத்து விட்டது. ஊர் கைதட்டுச்சு. ராஜா வடக்க படையெடுக்கக் கிளம்பினாரு. கொக்கு குறுக்க வந்து நின்னது.

"வேண்டாம், வழிய விடு!"ன்னாரு ராஜா.

கொக்கு பச்சைக் கண்ணால பார்த்துச் சொல்லுச்சு, "உன்னைக் கேக்கல. உன்னைவிடப் பெரிய உன்னைக் கேட்டுட்டேன்."

டக்! ஐயாயிரம் வாளும் ஐயாயிரம் பூசணிக்காயா மாறிடுச்சு. புருசனப் போருக்கு அனுப்பிட்டு அழுதுக்கிட்டு இருந்த பொண்டாட்டிங்க எல்லாம் அன்னைக்குப் பூசணிக்கா கூட்டு வச்சாங்க. ஊர் கைதட்டுன சத்தத்துல சித்தருக்குத் தலைவலியே வந்துடுச்சு.

அப்புறம்தான் கொக்கு வீடு வீடா நுழைய ஆரம்பிச்சது. தெருமுனையில நின்னு ஊர்க்கதை பேசுற தங்கப்பொண்ணு நெத்தியத் தட்டுச்சு. அவ வாய மூடி, ஒத்தக்கால்ல நின்னுட்டா. முழங்கையில ஒரு வெள்ளை இறகு. ஊர் கைதட்டுச்சு, ஆனா கொஞ்சம் மெதுவா. சீட்டு விளையாடுற சீனன் நெத்தி. அவனும் ஒத்தக்கால். தோள்ல இறகு. யாரும் கைதட்டல.

பௌர்ணமிக்கு ரெண்டு நாள் இருந்தது. வீரணன் வாசல்ல வைக்கோல் கொளுத்தி, பறைய வாட்டிக்கிட்டு இருந்தான். கொக்கு வந்து நின்னது.

"வேண்டாம்"னான் வீரணன்.

கொக்கு ஒரு அடி கிட்ட வந்தது. நெத்தியக் கையால மறைச்சுக்கிட்டான். கொக்கு இன்னும் ஒரு அடி வந்தது. வீரணன் பக்கத்துக் கன்னுல இருந்து ஒரு வாழை இலையக் கிழிச்சு, கொக்கு முன்னாடி போட்டு, மடிச்சு வச்சான். "இதுக்கு மேல எப்படிச் சொல்றது உனக்கு?"

"உன்னைக் கேக்கல. உன்னைவிடப் பெரிய உன்னைக் கேட்டுட்டேன்."

டக்!

தண்ணி எடுத்துக்கிட்டு வந்த சிட்டம்மா பார்த்தா. அண்ணன் பறையக் கீழ வச்சுட்டு ஒத்தக்கால்ல நிக்கிறான். கணுக்கால்ல வெள்ளை இறகு. "அண்ணே! ஏ அண்ணே! ரசத்துல இன்னைக்கு உப்பே போடலண்ணே, திட்டுண்ணே!"ன்னா. அவன் அமைதியாச் சிரிச்சான். அந்தச் சிரிப்பு அவனோடதே இல்ல.

குடத்தப் போட்டு உடைச்சுட்டு நேரா கொக்குகிட்ட ஓடினா.

"என் அண்ணனத் திருப்பிக் கொடு."

"அவன் எங்கயும் போகலயே. பழுத்துக்கிட்டு இருக்கான். மூணாம் நாள் உச்சிப்பொழுதுல இறகு தலைக்கு ஏறிடும். அப்புறம் அவனுக்குக் கோவம் இல்ல, ஏக்கம் இல்ல, எதுவும் இல்ல."

"அவன் வேண்டாம்னான்!"

"வேண்டாம்னா வேணும்னு அர்த்தம். உங்க ஊர்லதான் சொன்னாங்க."

"ஒரு வெட்டிப்பய சிரிப்புக்குச் சொன்னதை வச்சுக்கிட்டா ஊரையே இப்படி ஆக்குற? வெங்கலத்த உருக்கும்போது மூளைக்குப் பத்தாமப் போச்சா?"

கொக்குக்குக் கோவம் வராது. அதுதான் இன்னும் எரிச்சல். "நீயும் நாளைக்குப் புரிஞ்சுக்குவ சிட்டம்மா. நாளை மறுநாள் பந்திக்கு எல்லாரும் வருவீங்க. உங்க எல்லாரோட பெரிய நீங்களும் ஒரே குரல்ல ஒரே வரம் கேட்டாச்சு. அமைதி. ஒருத்தர் பாக்கி இல்லாமத் தட்டிடுவேன்."

ரெண்டாம் நாள் மலையேறினா. மூச்சு வாங்க நின்னு கத்தினா. "சித்தரே! உங்க கொக்கக் கட்டி வைங்க!"

சித்தர் பாவமா உக்காந்திருந்தாரு. "கத்தாதம்மா. நிறுத்தச் சொல்லி நேத்தே சொன்னேன். 'வேண்டாம், நிறுத்து'ன்னு சொன்னா, 'வேணும், செய்'னு எடுத்துக்குது. 'செய்'னு சொல்லிப் பார்த்தேன். 'சரி'ங்குது."

அவர் காதுமடல்ல ஒரு குட்டி இறகு ஆடிக்கிட்டு இருந்தது.

"அது எந்தப் பெரிய வீரணனக் கேட்டுச்சு? எனக்குக் காட்டுங்க."

சித்தர் ஒரு வட்டாவுல தண்ணி ஊத்தி, விரலால சுத்தினாரு. தண்ணிக்குள்ள நாப்பது வருசம் கழிச்சு வரப்போற வீரணன் தெரிஞ்சான். ஒருத்தன் இல்ல, மூணு பேரு. ஒருத்தன் பொண்டாட்டிய வாரிக் கொடுத்துட்டுப் பேச்சே இல்லாம மரத்தடியில உக்காந்திருக்கான். இன்னொருத்தன் பல்லெல்லாம் போயி, பேரப்பசங்க நடுவுல பறை அடிச்சுக்கிட்டு ஆடுறான். மூணாவது ஆளு கடல் தாண்டிப் போயி எவன்கூடவோ சண்டை போட்டுக்கிட்டு இருக்கான்.

"மூணு பேருமே அவன்தானா?"

"போற வழியப் பொறுத்தது. எந்த வழியில போனா எந்த ஆளு வருவான்னு இருக்கு. மூணு பேரும் விவரம் தெரிஞ்சவங்கதான்."

"அப்ப கொக்கு எவனக் கேட்டுச்சு?"

சித்தர் தரையப் பார்த்தாரு. "மரத்தடியில இருக்கிறவன."

"ஏன்?"

"அவன்தான் பழுத்த ஆள்னு அதுக்குத் தோணியிருக்கு."

"அதுக்கு ஏன் அப்படித் தோணுச்சு?"

"ஏன்னா... எனக்கு அப்படித் தோணும்." காதப் பொத்திக்கிட்டாரு. "எனக்குச் சத்தம் ஆகாதும்மா. பழுத்த மனுசன்னா அமைதியா இருப்பான்னு நினைச்சு வார்த்துட்டேன்."

"சபாஷ்! எங்க மனசத் தோண்டி எடுக்குறேன்னு சொல்லிட்டு, உங்க மனச அச்சுல ஊத்தி எங்க எல்லாரையும் அதுல வார்க்குறீங்க. இதுக்கு 'நான் சொன்னபடி கேளு'ன்னு அதட்டுற ராஜாவே தேவலயே! அவன்கிட்ட 'முடியாது'ன்னாவது சொல்லலாம். உங்க கொக்கு, முடியாதுன்னு சொல்றதும் நான் இல்லங்குது!"

 சித்தரோட ரெண்டாவது காதுலயும் இறகு முளைச்சது.

மூணாம் நாள். மத்தியானம். பந்தி.

ஊரே வந்து உக்காந்திருக்கு. பயந்து போயித்தான் வந்தாங்க, ஆனா வந்தாங்க. கதலிபுரத்துக்காரன் எதுக்கு வராட்டியும் பந்திக்கு வந்துடுவான். ராஜா ஒரு ஓரமா மடியில பூசணிக்காயோட. வீரணன் நடுவுல ஒத்தக்கால்ல. இறகு தாடை வரைக்கும் ஏறியாச்சு. கொக்கு வாசல்ல வந்து நின்னது. நிழல் காலுக்கு அடியில சுருங்கிக்கிட்டே வருது.

சிட்டம்மா இடுப்புல முந்தானையச் சொருகினா. கையில சாம்பார்க் கரண்டி. கொக்குக்கு முன்னாடி போயி குறுக்க நின்னா.

"நில்லு கொக்கே. பந்தி முறைய மீற மாட்டேன்னு சத்தியம் செஞ்சியா இல்லையா?"

"செஞ்சேன். மீறல."

"பந்தியில நிக்கிற, வரம் பரிமாறுற. அப்ப நீயும் பரிமாறுற ஆளுதான். இங்க பந்தி விசாரிக்கிறவ நான். கேக்குறதுக்குப் பதில் சொல்லு. என் அண்ணன் இலைய மடிச்சானா இல்லையா?"

"மடிச்சான். ஆனா அவனைவிடப் பெரிய அவன்..."

"அந்தப் பெரியவன் எங்க? கூப்பிடு. இங்க உக்கார வை."

கொக்கு முழிச்சது. "அவன் இன்னும் வரல."

"வராதவனுக்கு ஏது இலை?" சிட்டம்மா கரண்டியால கொட்டகைத் தூண்ல ஓங்கித் தட்டினா. "வராத விருந்தாளியக் கேட்டுட்டு, உக்காந்திருக்கிறவன் இலையில ஊத்தியிருக்க! அதுவும் மடிச்ச இலையில! எந்த ஊர்ப் பந்தி முறை இது?"

பந்தியில ஒரு சலசலப்பு. மூணு நாளா அடங்கிக் கிடந்த ஊருக்குக் கொஞ்சம் குரல் வந்தது.

கொக்கு யோசிச்சது. பொய் சொல்லத் தெரியாத ஜென்மம் அது. "நாப்பது வருசம் கழிச்சு அவன் வந்து, 'அன்னைக்கே ஏன் தடுக்கல'ன்னு அழுதா?"

"அழட்டும். அன்னைக்கு அவன் இலை முன்னாடி அவன் உக்காந்திருப்பான், அன்னைக்கு அவன்கிட்ட திட்டு வாங்கிக்க. நானும் கூட நின்னு வாங்கிக்கிறேன்."

"அப்ப ராஜாவோட வாளையும் திருப்பிக் கொடுத்துடட்டுமா? அவரும் வேண்டாம்னுதான் சொன்னாரு."

ராஜா பூசணிக்காய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு.

"அவரு தன் இலையிலயா ஊத்திக்கிட்டாரு? ஐயாயிரம் பேர் இலையில ரத்தத்த ஊத்தப் போனாரு. அடுத்தவன் இலைக்குப் போற கரண்டியத் தட்டிவிடு, நானே கைதட்டுறேன். மொக்கையன் தானா வாயத் திறந்து கேட்டான், அதுவும் சரி. ஆனா தன் இலையப் பார்த்து உக்காந்திருக்கிறவன்கிட்ட உன் வேலை என்ன தெரியுமா? எடுத்துச் சொல்லலாம், மூணு தடவை கேக்கலாம், கெஞ்சக்கூடச் செய்யலாம். ஊத்தக் கூடாது."

"சரி"ன்னது கொக்கு. "முறைப்படியே கேக்குறேன்." வீரணன் பக்கம் திரும்பிச்சு. "வீரணா, உனக்குப் பழைய வீரணனா ஆகணுமா?"

வீரணன் மெதுவாச் சொன்னான். "வேண்டாம். நிம்மதியா இருக்கேன்."

பந்தி மூச்ச நிறுத்திடுச்சு. இறகு உதட்டத் தொட்டுடுச்சு.

 சிட்டம்மா அண்ணன் கையப் பார்த்தா. தொடைமேல ரெண்டு விரல் லேசாத் தட்டிக்கிட்டு இருந்தது. வாய் ஒண்ணு சொல்லுது, கை ஒண்ணு சொல்லுது. பாய்ஞ்சுபோயி அவன உலுக்கி, இறகப் பிடுங்கி, 'நீ இது இல்லடா'ன்னு கத்தணும்போல இருந்தது. ஒரு அடி எடுத்து வச்சுப்புட்டா. அங்கயே நின்னா. 'இதைத்தானே கொக்கும் செஞ்சது? எனக்குத் தெரிஞ்ச அண்ணன்தான் அசல் அண்ணன்னு நான் யாரு முடிவு பண்ண?'

கரண்டியக் கீழ வச்சா. வீட்டுல இருந்து எடுத்துட்டு வந்த பறைய அவன் முன்னாடி, கை எட்டுற தூரத்துல வச்சா. மூணு அடி பின்னால போனா.

"அண்ணே, பறை வேணுமா?"

"வேண்டாம்."

நிழல் இன்னும் ஒரு விரக்கடை சுருங்குச்சு.

"அண்ணே, வேணுமான்னு கேக்குறேன். நீ வேண்டாம்னா எடுத்துட்டுப் போயிடுவேன். தினம் வந்து உன் பக்கத்துல உக்காந்து சோறு தின்னுட்டுப் போவேன். பறை பத்திப் பேச மாட்டேன்."

"வேண்டாம் சிட்டு."

சிட்டு! மூணு நாள்ல முதல் தடவையா அவ பேரச் சொன்னான்.  ஆனா அவ நகரல. இன்னும் ஒரு தடவைதான் கேக்கலாம். அதுக்கும் வேண்டாம்னா வேண்டாம்தான், அதுதான் முறை.

"அண்ணே. கடைசியாக் கேக்குறேன். வேணுமா?"

வீரணன் குனிஞ்சான். ஒரு விரல நீட்டிப் பறைத்தோலத் தொட்டான். 'தொப்'புனு ஒரு செத்த சத்தம். நெத்தி சுருங்குச்சு. இன்னொரு தடவை தட்டினான். தொப்.

"எவன்டி இத ஈரத்துல போட்டு வச்சது?" ஊரே திடுக்குன்னுச்சு. "தோலு தொங்குது பாரு! கழுதை, மூணு நாளா வாட்டவே இல்லயா? வைக்கோலக் கொண்டா! வேணும், வேணும்! கொண்டாங்கிறேன்ல!"

தூக்குன கால் தரையில ஊணுச்சு. இறகு மொத்தமாக் கொட்டுச்சு. தங்கப்பொண்ணு முழங்கையில கொட்டுச்சு, சீனன் தோள்ல கொட்டுச்சு. ஏன்னா கொக்கு ஒவ்வொருத்தர் முன்னாடியும் போயி, குனிஞ்சு, மூணு மூணு தடவை கேட்டுக்கிட்டே வந்தது. ஒரே ஒரு கிழவர் மட்டும் மூணு தடவையும் 'எனக்கு இப்படியே இருக்கட்டும், முழங்கால் வலி போயிடுச்சு'ன்னாரு. கொக்கு சிட்டம்மாவத் திரும்பிப் பார்த்துச்சு. "அவர் இலை"ன்னா அவ. விட்டுட்டாங்க.

அன்னைக்கு வீரணன் அடிச்ச அடியில, மலையிறங்கி வந்த சித்தர் ரெண்டு காதுலயும் பஞ்ச அடைச்சுக்கிட்டு ரசம் குடிச்சாரு. நாலு தடவை வாங்கிக் குடிச்சாரு. கொக்குக்குச் சிட்டம்மா தன் பக்கத்துலயே ஒரு வேலை கொடுத்தா, பந்தி விசாரிக்க. இப்பவும் அது வரிசை வரிசையாக் குனிஞ்சு, 'இதைத் தின்னா நாளைக்கு வயிறு வலிக்கும், வேணுமா?'ன்னு கேட்டுக்கிட்டுத்தான் திரியுது. வேணும்னா கொடுக்குது.

ராஜா எந்திரிச்சாரு. "சிட்டம்மா, நீ மந்திரியா இரு."

"வேண்டாம் ராசா."

"உனக்குப் பொன் ஊஞ்சல் போட்டுத் தர்றேன், மந்திரியா இரு."

"வேண்டாம் ராசா."

மூணாவது தடவை கேக்க வாயத் திறந்தாரு. சிட்டம்மா தன் இலைய மடிச்சு வச்சுட்டா. ராஜா பேசாம உக்காந்து பாயசம் குடிச்சாரு. அவளுக்குத் தோணின வரத்த அவளே கேட்டா: ஒவ்வொரு பந்தியிலயும் எல்லாரும் தின்னு முடிச்சப்புறம், பரிமாறுனவங்களுக்கு ராஜா பரிமாறணும். அது நடந்தது. இன்னைக்கும் நடக்குது.

கதை முடிஞ்சது, எந்திரிங்க. தொலியப் பொறுக்கிட்டுப் போங்க அண்ணாச்சி.

என்ன? மூணாவது வரிசையில எந்திரிச்சுக் கத்தினானே, அந்த வாயாடி யாருன்னா கேக்குறீங்க?

நான்தான். சிரிப்பாங்கன்னு சொன்னேன். தங்கப்பொண்ணு ஒத்தக்கால்ல நின்னப்பவே 'நான் விளையாட்டுக்குச் சொன்னது'ன்னு கொக்குகிட்ட போயிச் சொல்லியிருக்கலாம். சொல்லல. அடுத்தது என் நெத்தியாயிருக்குமோன்னு பயந்து, வாழைக்கட்டைக்குப் பின்னால ஒளிஞ்சிருந்தேன்.